பனியில் தனியே நின்ற மாடு

போன குளிர்காலத்தில், செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தீபாவளி முடிந்த கையோடு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவர் முன்னாலேயே, "இவருக்கு ஏதும் வெளங்குதா?" என்று என்னிடம் கேட்டார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். கஞ்சியை ஸ்பூனில் எடுத்துப்போனால் வாயை இறுக்கிக்கொள்வார். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் மகன் கனடாவில் வெல்டிங் வேலை பார்க்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளிதான் அங்கே. குளிர்காலத்தில் அத்தனையும் பனி. அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுப்பண்ணை. நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், அவனுக்கு விடிகிற நேரம். ஒருநாள் வீடியோ காலில் அப்பாவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், போனை ஜன்னல் பக்கம் திருப்பி, மாட்டுக்குத் தீனி போடுவதைக் காட்டினான்.

பண்ணைக்காரர் டிராக்டரில் வந்து, பாய்போலச் சுருட்டியிருந்த காய்ந்த புல்லைப் பனிமேல் நீளமாக விரித்துக்கொண்டே போனார். கறுத்த மாடுகள் முதுகில் பனியோடு வரிசையாக நின்று தின்றன. என் கணவர் கண்ணை எடுக்கவில்லை. நான் மெதுவாக ஒரு ஸ்பூன் கஞ்சியை நீட்டினேன். வாய் திறந்தது. அன்றிலிருந்து மாடுகள் தின்கிற நேரத்தில்தான் எங்கள் வீட்டிலும் சாப்பாடு.

ஒருநாள் பாதிக் கஞ்சியில் என் கையைத் தள்ளிவிட்டார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் வந்துவிட்டதோ என்று நான் பதறிப்போனேன். அப்போது அவர் குரல் கேட்டது.

"ஒண்ணு... திங்கல."

இடது கை விரலால் போனின் ஓரத்தைத் தட்டினார். கூட்டத்தை விட்டு வெகுதூரத்தில், வேலியோரம் ஒரு மாடு தீனிப்பக்கம் வராமல் நின்றது. நானும் பார்க்கவில்லை, மகனும் பார்க்கவில்லை. கிரேன் உயரத்திலிருந்து, கீழே யாராவது தனியாக நிற்கிறார்களா என்று காலமெல்லாம் பார்த்த கண் அது.

மகன் போனோடு வெளியே ஓடினான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுகிற பனியும் அவன் மூச்சிரைக்கிற சத்தமும்தான். டிராக்டரை நிறுத்திச் சொன்னதும் பண்ணைக்காரர் வேலியை நோக்கி ஓடினார். அந்த மாட்டின் காலடியில், பனிப்பள்ளத்துக்குள், அப்போதுதான் பிறந்த கன்று கிடந்தது. அது ஈனுகிற மாதமே இல்லை, யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் தன் கோட்டைக் கழற்றிச் சுற்றி, அதை டிராக்டர் கேபினுக்குள் சூட்டில் கிடத்தினார். மகன் கேபின் கண்ணாடியோடு போனை ஒட்டிப் பிடித்தான். பிறகு, "தலையத் தூக்குதும்மா. பொழச்சிக்கிடும்" என்றான்.

இவர் என் பக்கம் திரும்பினார்.

"கஞ்சி" என்றார்.

ஆறிப்போயிருந்தது. எடுத்துப்போய்ச் சூடுபண்ணும்போது அடுப்படியில் நின்று அழுது தீர்த்தேன்.

மறுநாள் அந்தப் பண்ணைக்காரர் கன்றோடு மகன் வீட்டு ஜன்னலருகே வந்து நின்று, போனில் இவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். இவரும் இடது கையைத் தூக்கினார்.

பேச்சு இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. ஆனால் இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், என்னிடம் விசாரிக்காமல் நேராக அவரிடமே கேட்கச் சொல்லிவிடுகிறேன்; பதில் வர நேரமாகும், அதுவரை காத்திருப்பதும் மரியாதைதான் என்பதை அவர் அந்த மாட்டைக் காட்டிய அன்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.