கம்பெனி வயது

என் மாமியார் தன்னுடைய பன்னிரண்டாவது வயதில் என் கணவரைப் பெற்றெடுத்தார். அவர்கள் இருவரும் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் பதிவுப்படி அப்படித்தான். அது தெரியவந்த அன்று அத்தை அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் விருதுநகர்க்காரி. கல்யாணமாகி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும் நாட்கள் அவை. ஆலை என்று அங்கே யாரும் சொல்வதில்லை, பயர் ஆபீஸ் என்பார்கள். பி.எஃப். பென்ஷனுக்குக் குடும்ப விவரம் எழுதித் தரச் சொல்லி என் கணவரிடம் ஆபீஸிலிருந்து ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை பெயர் மட்டும்தான் இருந்ததாம். இனி என் பெயரும் குழந்தை பெயரும் சேர வேண்டும். நான் பி.காம். படித்தவள், அதனால் எழுதும் வேலை எனக்கு வந்தது.

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க," என்றேன்.

"எது வேணும்? வீட்டுத் தேதியா, கம்பெனித் தேதியா?" என்றார் அவர்.

பதினான்கு வயதில் அவரை அவருடைய அப்பா, என் மாமா, பயர் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பதினெட்டு நிறையாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். மாமா பதினெட்டு என்று சொன்னார், எழுதியவரும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். அந்த வருடம் ஊரிலிருந்து போன பையன்கள் எல்லோருக்கும் அதே வயது, அதே பிறந்த தேதி. அவர்களில் யாராவது தெருவில் எதிர்ப்பட்டால், "என்ன மாப்ள, நம்ம பெறந்தநாளுக்கு என்ன வாங்கித் தரப் போறே?" என்று இன்னமும் கேட்டுக்கொள்வார்கள்.

அத்தை கதை நேர் எதிர். மிளகாய்க் காட்டில் கூலி வேலை இல்லாமல் போன பிறகு, மகன் போகும் அதே ஆபீஸுக்கு அவரும் போனார். நாற்பதைத் தாண்டியவர்களை எடுக்க மாட்டார்கள் என்று ஆபீஸ் வண்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இறங்கும்போது அத்தைக்கு முப்பத்துநான்கு வயதாகிவிட்டது. ஆக, நான் அந்தத் தாளை எழுத உட்கார்ந்த அன்று, வீட்டில் இருபத்தெட்டு வயதான என் கணவருக்குக் கம்பெனியில் முப்பத்திரண்டு. ஐம்பது வயதான அத்தைக்கு நாற்பத்துநான்கு.

"நீ ஒருத்திதான் இந்த வீட்ல ஒரே வயசோட இருக்கே," என்றார் அத்தை.

நான் வளர்ந்த வீட்டில் தேதிகள் இப்படி இருந்ததில்லை. அப்பா அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பேசுவோம், பென்ஷன் வந்துகொண்டே இருந்ததால் பேச ஒன்றுமில்லை. தம்பியும் வாத்தியார் வேலைக்குப் போன பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. இப்போது சேர்கிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாதாம், புதுத் திட்டமாம். "மாசாமாசம் பிடிக்கிறாங்கக்கா. கடைசியில என்ன வரும்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியலை," என்றான். அரசாங்க வாத்தியாருக்கே அப்படியென்றால், பயர் ஆபீஸில் வெடிமருந்து செலுத்துகிறவருக்கு?

பென்ஷன் வரும் என்று தெருவில் யாரும் நம்பவும் இல்லை. பக்கத்து வீட்டு மதினி ஐந்தாறு ஆபீஸ் மாறியவர். ஒவ்வொரு முறையும் பி.எஃப்பை முழுசாக எடுத்துவிடுவார். மகளுக்குக் காது குத்தியது அதில்தான், கூரைக்கு ஓடு மாற்றியதும் அதில்தான். "பென்சனா? நம்ம காலத்துல அதெல்லாம் குடுப்பாகன்னு நீ நம்புறியாக்கும்? படிச்ச பிள்ளை, வெவரமா இருப்பேன்னு பாத்தேன்," என்றார். என் கணவர் மட்டும் ஒரே கம்பெனியில் இருந்துவிட்டார். சாமர்த்தியம் ஒன்றுமில்லை, வண்டி எங்கள் தெரு முனையில் நின்றது, அவ்வளவுதான். அதனால் பதினான்கு வருட சர்வீஸும் உடையாமல் அப்படியே இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயது முடிந்து பென்ஷன் கேட்டுப் போகும்போது, யாரோ ஒரு அதிகாரி பள்ளிக்கூடச் சான்றிதழையும் கம்பெனித் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? பால் காய்ச்சும்போதும் குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் இதே நினைப்பு.

அப்பாவிடம் போனில் கேட்டேன். "இப்பவே திருத்திடும்மா. ரிட்டையர் ஆகுற நேரத்துல ஓட முடியாது," என்றார். அப்பா சொன்னால் எனக்கு அது உத்தரவு மாதிரி. கணவர் எட்டாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்துக்கு நானே போய், தலைமையாசிரியர் அறை வாசலில் காத்திருந்து, சான்றிதழை வாங்கி வந்தேன்.

"எம் மகனுக்கு நாலு வயசைக் குறைக்கப் போறாளாம்," என்று அத்தை வாசலில் நின்று மதினியிடம் சொன்னார். "ஏத்தா, அப்படியே எனக்கும் ஒரு பத்தைக் குறைச்சுட்டு வா. வர்ற பொங்கலுக்குத் தாவணி கட்டிக்கிடுதேன்."

"உங்களுக்குக் கூட்டணும் அத்தை. ஆறு வருஷம் கூட்டினாத்தான் உங்களுக்குச் சீக்கிரம் பென்ஷன் வரும்," என்றேன்.

அத்தை முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "கூட்டுனா நாளைக்கே கிழவின்னு நிப்பாட்டிருவாக. கெடக்கட்டும். நானாச் சொன்னதுதானே."

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவரோடு ஆபீஸுக்குப் போனேன். அவருக்கு விருப்பமில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டில் காவல்காரர் அவருடைய செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே வேலையாட்கள் யாரும் இல்லை. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், எல்லாவற்றுக்கும் நான்கு பக்கமும் கதவு. நான் அதுவரை உள்ளே போனதில்லை. "எது உங்க ரூம்?" என்று கேட்டேன். தாடையால் காட்டினார். மருந்து செலுத்தும் அறை, கடைசி வரிசையில், மற்றவற்றைவிட இன்னும் தள்ளி இருந்தது.

கணக்குப்பிள்ளை என் தம்பி வயதுப் பையன், எம். புதுப்பட்டிக்காரன். சான்றிதழைப் பார்த்தான், கணவரைப் பார்த்தான், மறுபடி சான்றிதழைப் பார்த்தான்.

"திருத்தணும்னா எழுதிக் கேக்கலாம் மதினி. ஆனா திருத்துனா, அண்ணன் இங்கன சேந்தப்ப வயசு பதினாலுன்னு ஆகும். பதினாலு வயசுப் பையனை மருந்துல விட்டோம்னு மொதலாளி கையெழுத்துப் போடுவாருங்கீகளா?"

"போட மாட்டாருன்னா?"

"பதினெட்டுக்குப் பெறகுதான் வந்தாருன்னு எழுதுவாக. மொத நாலு வருஷம் இவரு இங்கன வேலையே பாக்கலைன்னு ஆயிரும். சர்வீஸ் கொறையும், பென்சனும் கொறையும்."

"பி.எஃப். பிடிச்சிருக்காங்களே?"

"அது வேற யாருக்கோ தப்பாப் பிடிச்சதுன்னு சொல்லிட்டாப் போச்சு."

கணவர் இடது கையை மேசை மேல் வைத்தார். பெருவிரலில் நகம் கிடையாது. கல்யாணமான புதிதில் கேட்டபோது, சின்ன வயதில் சுட்டுக்கொண்டது என்று சொல்லியிருந்தார்.

"மொத வருசத்துல போனது. இது யாருக்கு நடந்துச்சுன்னு எழுதுவாக?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கணக்குப்பிள்ளை சிரித்தும் சிரிக்காமலும் தாளைத் திருப்பித் தந்தான். "நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க மதினி. உங்களுக்காவது திருத்துறதுக்கு ஒண்ணு இருக்கு. என்னைய இங்க கான்ட்ராக்ட்டுலதான் வச்சிருக்காக. எம் பேரே பி.எஃப்ல ஏறல."

வயது உண்மையாக இருந்தால் அவர் பார்த்த வேலை பொய்யாகிவிடும், வேலை உண்மையாக இருக்க வேண்டுமானால் வயது பொய்யாகவே இருக்க வேண்டும். வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது மனதுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்பா என்ன சொல்வார்? தப்பு என்று தெரிந்தும் விட்டால், பின்னால் ஒன்று ஆகும்போது படித்தவள் கவனிக்கவில்லையே என்று என்னைத்தானே கேட்பார்கள்? கணவர் குழந்தைக்கு முள்வேலியில் உட்கார்ந்திருந்த ஓணானைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"திருத்தலைன்னா நாலு வருஷம் முன்னாடியே ரிட்டையர்னு உங்களை அனுப்பிடுவாங்க," என்றேன்.

"அனுப்பட்டுமே," என்றார்.

"அம்பத்துநாலு வயசுலேயேங்க. நல்லா வேலை பாக்குற வயசு."

"அனுப்பட்டுமே பிள்ள. ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி ஓணானைத் தேடினார். அது போய்விட்டிருந்தது.

எங்கள் ஊரில் பகலில் எங்காவது வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டால், பெண்கள் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு வருவோம். முதலில் யாரும் பேசுவதில்லை, எந்தத் திசை என்று பார்ப்போம். அச்சங்குளம் பக்கமா, வேறு பக்கமா என்று தெரிந்த பிறகு, அந்தப் பக்கம் யாரும் போகாத வீட்டுப் பெண்கள் உள்ளே திரும்புவார்கள். மழைக்கால இடியாகவோ கல் கிரஷர் வெடியாகவோ இருந்தாலும் வெளியே வந்து பார்த்துவிட்டுத்தான் போவோம். வந்த இரண்டு வருடத்தில் இது எனக்கும் பழகியிருந்தது. அதையும் கையில் இருந்த சான்றிதழையும் நான் அதுவரை சேர்த்து நினைக்கவில்லை. பஸ் வருவதற்குள் நினைத்தேன். கடைசி வரிசையில், எல்லாவற்றையும்விடத் தள்ளி இருந்த அந்த அறையில் என் கணவர் இன்னும் நான்கு வருடம் கூட இருக்கட்டும் என்று கேட்பதற்குத்தான் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அந்த அறை எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தாளை எழுதி முடித்தேன். அவருக்குக் கம்பெனித் தேதி, எனக்கும் மகளுக்கும் உண்மையான தேதி. சான்றிதழைக் கல்யாணப் பட்டுச்சேலை மடிப்பில் வைத்தேன். பிறகு இங்கே வைத்தால் தேவைப்படும்போது மறந்துவிடுவேனோ என்று எடுத்து, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்தேன். அப்பா போன் செய்தபோது, "கொடுத்தாச்சுப்பா," என்றேன். திருத்தியாச்சா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஆபீஸ் திறந்த அன்று காலையில் தெரு முனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். கணவர் முதலில் ஏறி அத்தைக்குக் கை கொடுத்தார். அத்தை ஒரு காலைப் படியில் வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

"என்னத்தா, நாப்பத்துநாலு வயசுப் பிள்ளை இம்புட்டு மெதுவாவா ஏறும்?" என்றார் டிரைவர். ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

"ஏலே, பன்னெண்டு வயசுலயே பிள்ளை பெத்த உடம்பு. பாத்துத்தான் ஏறும். வண்டிய எடு," என்றார் அத்தை.

வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள், என் கணவரும்தான். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது. வண்டி சாத்தூர் ரோட்டில் திரும்பும் வரை மகள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பென்ஷன் அவர் ரிட்டையர் ஆகும்போதும் இருக்குமா, எடுத்துவிடுவார்களா, வந்தாலும் எதற்குக் காணும், எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. இப்போதைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். அவர் அந்த அறைக்குப் போக வேண்டியது இன்னும் இருபத்தாறு வருடம். திருத்தியிருந்தால் முப்பது.