டிக்கியில் மூன்று தட்டு

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். எங்கள் வீட்டுப் பிள்ளை ராஜகுரு. அவன் தங்கை ஹம்சவேணியின் கணவன் பாலமுரளி. சிவப்புக் காருக்குச் சொந்தக்காரன் அசீம். மெக்கானிக் முகைதீன் பிச்சை. நால்வரும் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஐந்தாவது ஆள் என்று யாரும் அங்கே வரவில்லை.

இது நடந்தது. கட்டிய கதை இல்லை. பேய்க்கதை எழுதிப் பிழைக்கும் குடும்பமும் எங்களுடையது இல்லை. ஊர் இதைத் தன் இஷ்டத்துக்குத் திரித்துப் பேசுவதால் உள்ளபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

2002, சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை. பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்பவர்கள் மதுரையின் உச்சி வெயிலில் ஆளில்லாத சாலையைப் பார்த்ததில்லை. தார் இளகி மினுங்கும். நாய்கூட நிழலை விட்டு வராது.

ராஜகுரு அதற்கு முந்தைய வருடம் பசுமலையில் ஒரு பழைய பங்களாவிலிருந்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தான். இரண்டே சீட். கரும்பச்சை. மேலே கித்தான் கூரை. அப்படி ஒரு வண்டி ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்ற பெருமிதம் அவனுக்கு இருந்தது. இருக்க வேண்டியதுதான். ஆறாவது மாதம் அசீம் ஒரு பழைய இத்தாலி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் இருந்த முகைதீன் பிச்சையின் ஷெட்டில் இரண்டு வண்டிகளையும் திறந்து போட்டு எது உசத்தி என்று வாதம் நடக்கும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் ராஜகுருவுக்கும் பாலமுரளிக்கும் அந்த ஷெட்டில் தமிழ்தான்.

பச்சை வண்டிக்கு ஒரே ஒரு நோய். ஓடும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

டக்… டக்… டக்.

மூன்று முறை. பிறகு அமைதி. மறுபடியும் மூன்று. முகைதீன் பிச்சை ஸ்பிரிங் புஷ்ஷை மாற்றினார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். சைலென்சர் தொங்கும் ரப்பரை மாற்றினார். சத்தம் போகவில்லை. மேடு பள்ளத்தில் கேட்காது. வழவழப்பான சாலையில் கேட்கும். வண்டியை நிறுத்தினால் அந்த நொடியே நின்றுவிடும்.

“வண்டி வேகமானா சத்தமும் வேகமாகணும் தம்பி. அதான் மெசினு. இது அது இஷ்டத்துக்குல்ல அடிக்குது” என்றார் முகைதீன் பிச்சை.

“என்னண்ணே, உங்க வெள்ளைக்காரன் இன்னும் கதவத் தட்டிக்கிட்டேதான் வாராரா?” அசீம் சிரித்தான்.

“உன் இத்தாலிக்காரன் தள்ளாம கெளம்புவானா? மொதல்ல அதச் சொல்லு.”

“தள்ளுனாலும் கெளம்பிட்டா பறக்கும்ணே. உங்களுக்கு ரெண்டு கார்புரேட்டரு. ஒண்ணு தெக்க இழுக்குது, ஒண்ணு வடக்க இழுக்குது.”

முகைதீன் பிச்சை ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். “ரெண்டும் ஒரே மூச்சுதான். எஞ்சின்ல குத்தமில்ல.”

“அப்பக் குத்தம் டிக்கிக்குள்ள குத்தவச்சிருக்கு” என்றான் அசீம்.

ராஜகுருவின் முகம் இறுகியது. பாலமுரளி பக்கம் திரும்பினான்.

பாலமுரளி வீட்டோடு மாப்பிள்ளை. ஒல்லியான ஆள். ஹம்சவேணியை அழைத்துக்கொண்டு ஆனையூரில் தனிக்குடித்தனம் போக வேண்டும் என்று மூன்று வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கே ஒரு மாடி வீட்டையும் பார்த்து வைத்திருந்தான். எங்கள் வீட்டுப் பெண் வாடகை வீட்டில் குடியிருந்த வழக்கம் இல்லை. ராஜகுரு மறுத்ததில் தப்பில்லை. ஆனால் பாலமுரளி ஒவ்வொரு வேளையும் அந்த வீட்டுச் சோற்றைத் தலை குனிந்துதான் சாப்பிட்டான்.

“மாப்ள, நீதான் ஒடம்பு இல்லாத ஆளு. டிக்கிக்குள்ள படு. சத்தம் எங்கருந்து வருதுன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டா நாளைக்கே ஆனையூருக்குச் சாமானை ஏத்து.”

“நெசமாவா மச்சான்?”

“நான் வாக்கு மாறி நீ பாத்திருக்கியா?”

முகைதீன் பிச்சை தயங்கினார். சத்தம் பிடிபடாவிட்டால் ஆளை டிக்கியில் படுக்கவைத்து ஓட்டிப் பார்ப்பது பட்டறைப் பழக்கம்தான். “ஆனா இந்த வெயில்ல வேணாம் தம்பி.”

பாலமுரளி அதற்குள் உள்ளே ஏறி முழங்காலை மடக்கியிருந்தான்.

காற்று வருவதற்காக மூடியின் இடுக்கில் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்தார்கள். மூடி ஆடாமல் இருக்க வெளியே ஒரு கம்பியைத் தளர்வாக முறுக்கினார்கள்.

“சத்தம் எங்கேன்னு தெரிஞ்சா ஒரு தட்டு. முடியலைன்னா மூணு தட்டு. மூணு தட்டுனா வண்டிய நிறுத்திரணும்” என்றார் முகைதீன் பிச்சை. அதுவும் பட்டறைப் பழக்கம்தான்.

மூன்று தட்டு. அந்த வண்டியின் சத்தமும் அதேதான். நால்வரில் ஒருவருக்குக்கூட அப்போது அது உறைக்கவில்லை.

வண்டி ரிங் ரோட்டில் ஏறியது. முகைதீன் பிச்சை ராஜகுருவின் பக்கத்து சீட்டில். அசீமின் சிவப்பு வண்டி பின்னால்.

உள்ளே அனல். பெட்ரோல் வாடை. மூடியில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதன் வழியாகக் காசளவு வெளிச்சம் பாலமுரளியின் மணிக்கட்டில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு காதைத் தீட்டிப் படுத்திருந்தான். ஆனையூர் வீட்டின் மாடிப்படி ஞாபகம் வந்தது. ஹம்சவேணிக்குப் பிடிக்கும்.

டக்… டக்… டக்.

அடியிலிருந்து இல்லை. பக்கவாட்டிலிருந்தும் இல்லை. மூடியிலிருந்து. அவன் முகத்துக்கு ஒரு சாண் மேலே.

மூடியில் உள்ளங்கையை வைத்தான். காத்திருந்தான்.

டக்… டக்… டக்.

கைக்குப் பக்கத்திலேயே தகடு அதிர்ந்தது. கண்டுபிடித்துவிட்டான்! ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டுதான் பாக்கி. கையை ஓங்கினான்.

மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

பிசுபிசுவென்று… எண்ணெய் வழியும் ஐந்து விரல்கள்.

சரக்… சரக்… இடுக்கில் இருந்த சாக்கு மெல்ல உள்ளே வந்தது. யாரோ இழுக்கிறார்கள். வெளியிலிருந்து அல்ல. மூடி இறங்கிப் பொருந்தியது.

காசளவு வெளிச்சம் அணைந்தது. ஓட்டைக்கும் அவனுக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

மூச்சுவிட்டது.

மறுகையால் மூன்று முறை அடித்தான். டக், டக், டக்.

உடனே பக்கத்தில்… டக்… டக்… டக்.

வண்டி வேகம் எடுத்தது.

முன்னால் முகைதீன் பிச்சை கத்தியது அவனுக்குக் கேட்டது. “தம்பி, நிறுத்துங்க! அவருதான் தட்டுறாரு!”

“வண்டிச் சத்தம் பாய். ஆறு மாசமா கேக்கலையா? அவன் முந்துறான் பாருங்க!”

சிவப்பு வண்டியின் ஹாரன். ராஜகுருவின் சிரிப்பு.

அடித்தான். அதுவும் அடித்தது.

அடித்தான். அதுவும் அடித்தது.

பிறகு காதோடு காதாக, வறண்ட குரல்…

“தட்டாதண்ணே. நிறுத்த மாட்டாங்க.”

வண்டி நின்றபோது அசீமை முந்தியாகிவிட்டது. கம்பியை அவிழ்த்தார்கள். மூடி வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அப்போதும் வரவில்லை. பிறகு, உள்ளே பிடித்திருந்தவர் விட்டதுபோல, சட்டென்று திறந்துகொண்டது.

பாலமுரளி கண்ணைத் திறந்தபடி கிடந்தான். சாக்கு மடித்துத் தலையணைபோல அவன் தலைக்கு அடியில் இருந்தது. அவன் மடிக்கவில்லை. மணிக்கட்டில் ஐந்து விரல் தடம். கறுப்புக் கிரீஸ். அன்று அவன் கிரீஸைத் தொடவே இல்லை.

“கண்டுபிடிச்சியா?” என்றான் ராஜகுரு.

பாலமுரளியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“இல்லேல்ல? அப்ப ஆனையூர்ப் பேச்ச இனி எடுக்காத.”

அசீம் அன்று சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு ஷெட்டுக்கு வரவே இல்லை.

முகைதீன் பிச்சைக்கு மனசு கேட்கவில்லை. பசுமலைக்குப் போனார். அந்தப் பங்களாவில் வாசல் பெருக்கிய ஒச்சாயி என்ற கிழவி அருகில்தான் குடியிருந்தாள். பச்சைக் காரு என்றதுமே, “மலைச்சாமியப் போட்ட காரா?” என்றாளாம்.

மலைச்சாமி அந்த வீட்டு மெக்கானிக். வண்டியில் ஏதோ கிறீச்சென்று சத்தம். அதைக் கண்டுபிடிக்க அவனை டிக்கிக்குள் படுக்கவைத்துப் பூட்டிக்கொண்டு போனார் முதலாளி. வழியில் மூன்று தட்டு கேட்டது. கொஞ்ச தூரம் போகட்டும் என்றார். மறுபடியும் கேட்டது. திருமங்கலம் வரை போய்த் திரும்பி வந்து சாவி போட்டுத் திறந்தபோது, தட்டிய கை தட்டிய மேனிக்கு விறைத்திருந்தது. அன்று மாலையே பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டார்களாம்.

கிறீச் சத்தம் அன்றோடு போயிற்று. டக் டக் சத்தம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் பச்சை வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை. இன்றும் ஓடுகிறது. பாலமுரளியும் ஹம்சவேணியும் எங்களோடுதான், மாடி அறையில் இருக்கிறார்கள். அந்த அறையிலிருந்து சில நேரம் மூன்று தட்டு கேட்கும். பழைய கட்டில். யாரும் எழுந்து போவதில்லை.

ராஜகுரு தங்கை புருஷனை டிக்கியில் வைத்துப் பூட்டினான் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அந்த டிக்கிக்குப் பூட்டே கிடையாது. வெளியிலிருந்து யாரும் மூடவும் இல்லை.