பூசை ரசத்தில் கலந்த சாராயம்

பங்குக் கோயில் ஆட்கள் ஒரு சின்ன பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு தாரிகா பள்ளத்தாக்கின் திராட்சரசப் பண்ணைகளைப் பார்க்கக் கிளம்பிய சனிக்கிழமை அது. முன் சீட்டில் நிகோலாசா. கணவர் போன பிறகு கோயிலைப் பெருக்குவதும், பீடத்துணி வெளுப்பதும், பூசைக்கு ரசம் வாங்கி வைப்பதும் அவள்தான். யாரும் ஏவிய வேலை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளுக்கு வராது, அவ்வளவுதான்.

முதல் பண்ணையில் சுற்றிக் காட்டிய பெண் சிரித்த முகமாய்ச் சொன்னாள்: "இனிப்பு ரசம்னா கொஞ்சம் சாராயம் ஊத்துவாங்க. இல்லேன்னா வெயிலுக்குப் புளிச்சுப் போயிடும்."

நிகோலாசா வாய்க்குக் கொண்டுபோன கோப்பை பாதியில் நின்றது. பூசைக்கு அவள் வாங்குவதும் இனிப்பு ரசம்தான். திராட்சையில் பிறந்ததைத் தவிர வேறெதுவும் பீடத்தில் ஏறக் கூடாது என்று பழைய சாமியார் தலைபாடாய் அடித்துக்கொள்வார். கடையில் விற்கும் கரும்புச் சாராயம் அதில் விழுந்திருந்தால்? கணவருக்காக வைத்த ஆத்துமப் பூசைகளெல்லாம் என்ன ஆவது? மனுஷன் இன்னும் மோட்ச வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாரோ?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? குடி" என்றாள் தோழி எர்சிலியா.

"வயிறு சரியில்ல."

"உனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்குமே!"

அடுத்தது ஃப்ரொய்லானின் பண்ணை. நிகோலாசாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் அவர்தான் ஞானத்தகப்பன். பூசை ரசம் அவரிடம்தான் வாங்குவாள். மரங்களின் மேல் ஏறிப் படர்ந்த பழைய கொடிகளுக்கு அடியில் மற்றவர்கள் ஆட்டுப்பால் சீஸ் தின்றுகொண்டிருக்க, அவள் அவரைப் பீப்பாய்களுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அண்ணே, கோயிலுக்குக் குடுக்குற ரசத்துல எதாச்சும் ஊத்துறீங்களா?"

"ஊத்தாம? ஒரு கை சாராயம் விடலேன்னா சாமி காடியைத்தான் குடிக்கணும்."

"என்ன சாராயம்?"

"திராட்சையில காய்ச்சுற சிங்கானி வாங்க நமக்குக் கட்டுப்படியாகுமா தாயி? மேட்டுல அதைக் காய்ச்சுற எடத்துலயே, வெள்ளைக் கேன்ல மலிவா ஒண்ணு குடுப்பாங்க. வாசனையே இருக்காது. எதுல காய்ச்சினதோ, நான் கேட்டதில்ல."

பஸ் மேடேறிய வழியெல்லாம் அவள் விரல்கள் ஜெபமாலையை உருட்டின. எர்சிலியா நீட்டிய, கறி அடைத்த எம்பனாடாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிங்கானி காய்ச்சும் கொட்டகையில் செப்புக் கலன்கள் கொதித்துக்கொண்டிருந்தன. சுவரோரம் வெள்ளைக் கேன்கள். நிகோலாசா நேரே அவற்றிடம் போனாள்.

"இது கரும்பா, தம்பி?"

கலனுக்குத் தீ தள்ளிக்கொண்டிருந்த வெனான்சியோ பதறிப்போய்த் திரும்பினான். "மெதுவாக்கா! முதலாளி காதுல விழுந்தா என் சீட்டைக் கிழிச்சிடுவாரு. இந்தக் கொட்டகையில கரும்பு நுழைஞ்சதே இல்ல. முதல்ல வடியுறதும் கடைசியில வடியுறதும் சிங்கானிக்கு ஆகாது. அதையெல்லாம் சேர்த்துத் திரும்பக் காய்ச்சினா இது. எல்லாம் திராட்சைதான்."

பின்னால், பஸ்ஸில் கூட வந்த பங்குச்சாமி அன்செல்மோ நின்றிருந்தார். இனி மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள்.

"திராட்சையில வந்தது திராட்சைக்கே போகுது. அளவோட சேர்த்தா திருச்சபையே ஒத்துக்குதும்மா" என்றார் அவர். "பூசையெல்லாம் பூசைதான். இதுக்கா காலையிலேர்ந்து பட்டினி கிடக்குறீங்க?"

நிகோலாசா ஒரு கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, வாய் பாட்டுக்குச் சிரித்தது.

"பாத்தீங்களா சாமி, மோந்ததுக்கே இவளுக்கு ஏறிடுச்சு!" என்றாள் எர்சிலியா.

வெனான்சியோ சின்னக் கோப்பையில் சிங்கானி கொண்டுவந்தான். ஊர் வழக்கப்படி, பூமித்தாயின் பங்காக நாலு சொட்டு மண்ணுக்கு ஊற்றினாள். மிச்சத்தைக் கணவரை நினைத்து ஒரே மடக்காய்க் குடித்துவிட்டு இருமினாள்.

"ஏய் எர்சிலியா, அந்த எம்பனாடா எங்கடி?"

"வயிறு சரியில்லேன்னியே?"

"அது அப்ப. எடு!"