இளையதம்பிக்கான ஊசி

செவ்வாய்க்கிழமை என்றால் கண்ணகையக்கா காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டுதான் பஸ் ஏறுவா. பெரியகல்லாற்றிலிருந்து தன்னாமுனைக்கு இரண்டு பஸ். அக்குபங்சர் கிளினிக்கின் பதிவு மேசையில் நோயாளியின் பெயர் இளையதம்பி என்று கூசாமல் சொல்லுவா. இளையதம்பி அவவின் புருஷன்.

குடியை விட வருகிறவர்களுக்கு டொக்டர் றுமானா காதுமடலில் ஐந்தைந்து மெல்லிய ஊசி குத்தி, முக்கால் மணி நேரம் கதிரையில் இருத்திவைப்பார். கைநடுக்கமும் பதற்றமும் கொஞ்சம் அடங்கலாம், மிச்சம் அவரவர் மனசு என்று முதல் நாளே சொல்லிவிடுவார். இளையதம்பி மூன்று தரம் வந்தார். நாலாம் தரம் வழியில் ஒரு கள்ளுத் தவறணையைக் கண்டு பஸ்ஸால் இறங்கினவர்தான். அன்று அக்கா தனியே வந்து அவருடைய கதிரையில் அமர்ந்தா.

"அவருக்குக் குத்துறத எனக்குக் குத்துங்க மகள்."

டொக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முன்பொருமுறை கடலில் தோணி கவிழ்ந்து இளையதம்பி காணாமற்போனபோது, அவருக்காக அம்மன் கோயிலில் வாயலகு குத்தினவ அவ. மூன்றாம் நாள் மனுஷன் உயிரோடு கரை வந்தாராம். வைத்தியம் நேர்த்திக்கடன் இல்லை என்று டொக்டர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், இவவுக்கு நித்திரையாவது வரட்டும் என்று இடக்காதில் மட்டும் குத்தினார். முழங்கால் வலிக்காக வருகிற நான் பக்கத்துக் கதிரையிலிருந்து ஐந்து மாதமாக இதைப் பார்க்கிறேன். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அடுத்தவரின் வருத்தத்துக்குக் காதைக் கொடுக்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஊசியோடு இருக்கையில் அக்கா அசையமாட்டா. அசைந்தால் அவருக்குப் போகவேண்டியது சிந்திவிடுமாம். "இப்ப காலையில குடிக்கிறல்ல தம்பி, பின்னேரந்தான்" என்பா ஒரு வாரம். அடுத்த வாரம் கன்னத்தில் வீக்கம் இருக்கும். கேட்டால் கதவு இடித்ததென்பா. எனக்குக் கோபம் கோபமாக வரும். யாரோடு என்றுதான் தெரியாது.

போன செவ்வாய் பிந்தி வந்தா. இளையதம்பி இரத்தமாகச் சத்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஈரல் முடிந்துவிட்டது, சொந்தக்காரருக்கு அறிவியுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். டொக்டர் றுமானா அவவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி இதால ஒண்டும் ஆகாதும்மா. போய் அவருக்குப் பக்கத்துல இரிங்க."

அக்கா கதிரையில் அமர்ந்தா. வழக்கம்போல் இடக்காதைக் காட்டினா. பிறகு என்ன நினைத்தாவோ, மெதுவாகத் திரும்பி, முடியை ஒதுக்கி, வலக்காதையும் நீட்டினா.