காப்புக் கட்டிய கையோடு பிளேசான்ஸுக்கு

என் நாத்தனார் அலமேலுவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து காய்ச்சலில் போய்விட்டன. நான்காவதுக்கு எங்கள் தீவின் வடக்கே, எங்கள் ஊர் ரிவியேர் டு ராம்பார் கோவிலில் பேர் வைத்தபோதுதான் நாகலிங்கம் என்ற பேரை முதலில் கேட்டேன். ஐயர் மூன்று தரம் சொன்னார். அலமேலு வாய்க்குள் நாலாவது தரம் சொல்லிக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் அவனுக்கும் அதே காய்ச்சல். பிழைத்தால் ஏழு தைப்பூசம் காவடி எடுப்பான் என்று அலமேலு முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். ஆறு வருஷம் எடுத்தும் விட்டான். அவனுக்குக் காவடி அலுக்கவில்லை, சர்க்கரை ஆலைதான் அலுத்தது. அப்பா நின்று செத்த அதே இயந்திரத்தின் முன்னால் இவனும் நின்றான்.

ஏழாவது வருஷம், 1952, ஆலை அரைக்காத மாதம். காப்புக் கட்டிய நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆலைக் கூட்டாளி ஜில்பெர் லாரி பிடித்தான். தெற்கே பிளேசான்ஸ் விமான நிலையத்தில் சண்டைக் காலத்து விமானம் ஒன்றை ஓரமாக நிறுத்தி ஏறிப் பார்க்க விடுகிறார்களாம். அதோடு, விமானம் பழுது பார்க்கும் கொட்டகைக்கு அன்றைக்கே ஆள் எடுக்கிறார்களாம்.

காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது.

"விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிட்டா தாண்டினதாகாது, மாமி" என்றான் நாகலிங்கம் என்னிடம்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"நீங்க சொல்லாம இருந்தாப் போதும்."

நான் சொல்லவில்லை. மிச்சமெல்லாம் அவனே பிறகு எனக்குச் சொன்னது.

அந்த வெயிலிலும் காப்பு தெரியாமல் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தான். மோகாவில் லாரி நின்றதும் கூட வந்த க்ளெமான் பொரித்த மீனை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினான். "சாமி, வாசனையாவது பிடி!"

விமானத்துக்குள் அடுப்பு மாதிரி காந்தியது. ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்த நாகலிங்கம் எழுந்திருக்கவில்லை. ஜில்பெர்தான் இழுத்து இறக்கினான்.

கொட்டகைத் துரை ஆளுக்கொரு இயந்திரத் துண்டைக் கொடுத்து, கழற்றிப் பூட்டச் சொன்னார். நாகலிங்கம் முதலில் முடித்தான். துரை அவன் தோளைத் தட்டினார். அப்போதுதான், வேலைக்காகச் சட்டையைச் சுருட்டிவிட்டிருந்த கையில் காப்பின் மஞ்சள் கயிறு அவர் கண்ணில் பட்டது.

"சுற்றுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் இது ஆகாது. அவிழ்த்துவிட்டு வந்து பேர் கொடு."

"ஆறு நாள் பொறுக்கணும், துரை."

"இன்றைக்குத்தான் பேர் எழுதுவேன்."

ஜில்பெர் கத்தியை விரித்தான். "கையைக் காட்டு, நான் அறுக்கிறேன். உங்க சாமிக்கு என்னைத் தெரியாது."

நாகலிங்கம் கையை நீட்டினான். கத்தி கயிற்றில் பட்டபோது மணிக்கட்டில் குளிர்ந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான். வீட்டில் அவன் காவடிக்காக விரதம் இருந்து பட்டினி கிடக்கும் அம்மா நினைவு வந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

"அறுடா என்று ஒரு வார்த்தை சொல்லேன்!" என்றான் ஜில்பெர்.

நாகலிங்கம் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டான். துரை ஜில்பெரின் பேரை எழுதினார்.

திரும்பும்போது மற்றவர்கள் மாயெபூர்க் கடலைப் பார்க்க இறங்கினார்கள். இவன் லாரியிலேயே இருந்தான். விளக்கு வைக்குமுன் வீட்டுக்கு வந்து ஏழாவது காவடியும் எடுத்தான். மறு வருஷம் பிளேசான்ஸில் போய்க் கேட்டதற்கு இடமில்லை என்றார்கள்.

அலமேலு போய்ப் பத்து வருஷமாகிறது. நாகலிங்கம் இப்போது அதே ஆலையில் கொதிகலன் பக்கம் மேஸ்திரியாக இருக்கிறான்.