செங்கலடிச் சந்தியில் ஓர் உண்மை

செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ்ஸுக்காக நிற்கிறேன். காலையிலிருந்து இரண்டு வீடுகளில் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டிலும் "இப்பதான் சாப்பிட்டன்" என்று மரியாதைக்குப் பொய் சொல்லிவிட்டு, இப்போது வயிறு காய்கிறது. இன்றைக்கு இனிப் பொய்யே கிடையாது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

வாகை மர நிழலில் சட்டித் தயிர் விற்கும் அக்கா தன் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார். என்னைக் கண்டதும் கேட்கிறார்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா. நல்ல பசி."

ஒரு கணம் திகைக்கிறார். அந்தக் கேள்விக்கு யாரும் இப்படிப் பதில் சொல்வதில்லை. பிறகு சிரித்தபடி பாதிச் சோற்றைத் தாளில் அள்ளி, மீன்குழம்பும் விட்டு நீட்டுகிறார். முதல் வாயிலேயே உப்புக் கரிக்கிறது.

"கறி எப்பிடி?"

'நல்லாயிருக்கு' என்பது நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்குகிறேன்.

"உப்புக் கூடிப்போச்சுக்கா."

கோபிப்பார் என்று பார்த்தால், அக்கா நிமிர்ந்து உட்காருகிறார்.

"எனக்கும் அப்பிடித்தான் இரிக்கு தம்பி! வீட்டுல கேட்டா எல்லாரும் நல்லாரிக்கு எண்டுதான் சொல்லுவாங்க. என்ட நாக்குத்தான் கெட்டுப்போச்செண்டு நான் ஒரு மாசமா கசாயம் குடிக்கிறன்."