தண்ணீர் வந்தால் எங்களுக்கு

அந்த ஒரு வரியை எழுதியவள் நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த மருமகள் என்று பேனாவை என் கையில் கொடுத்தார்கள். நானும் பெருமையாக, குண்டு குண்டான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் மேட்டில் எங்களுக்கு ஒரு வேர்க்கடலைக் கொல்லை, அதற்குக் கீழே அரைக் காணி நஞ்சை, நஞ்சையின் தலைமாட்டில் ஒரு கிணறு. கோடையிலும் தித்திப்பாக ஊறும் கிணறு. புகுந்த வீட்டுக்கு வந்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பழகப் பழகப் பிடித்தது. மேட்டுக் கொல்லையில் துளை போட்டுப் பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து, ஒரு வருஷத்துக்கு இடத்தை விடச் சொன்னது.

எண்ணெய் கிடைத்தால் அது சர்க்காருக்கே சொந்தம், நிலத்துக்காரருக்குப் பாத்தியதை கிடையாது என்று ஒப்பந்தத்தில் அச்சடித்தே இருந்தது. நான் படித்துக் காட்டியதும் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"எண்ண வந்தா நாம இன்னா தலைக்கா தேச்சிக்கப் போறோம்? அத்த அவங்களே எடுத்துக்கினு போவட்டும். தண்ணி வந்தா? அத்த எளுது நீ."

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. ஏரி நிரம்புமா நிரம்பாதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, துளை போடுகிற மிஷினைக் கண்டால் தண்ணீரைத் தவிர வேறென்ன தோன்றும்? அவ்வளவு உயர மிஷின் அவ்வளவு ஆழம் போனால் கங்கையே வரும் என்று நானும் நம்பினேன். "தண்ணீர் வந்தால் முழுவதும் எங்களுக்கே சொந்தம்" என்று அடியில் எழுதினேன். கம்பெனி இன்ஜினியர் மதராஸ்காரர். மறுப்பே சொல்லவில்லை. "தாராளமா எழுதிக்கோங்கம்மா" என்று பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தாராளத்தின்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்ணெய் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. டீசல் நாற்றம் அடித்தது. நாக்கில் வைத்தால் உப்பளத்துத் தண்ணீராகக் கரித்தது. பெரிய குட்டை வெட்டி அதில் விட்டார்கள். குட்டை நிரம்பியதும் கீழ்க்கரையை வெட்டி எங்கள் நஞ்சைப் பக்கம் திருப்பினார்கள். மூன்றாம் நாள் நாற்று நுனி கருகியது. கிணற்றை ஒட்டிய வாய்க்காலில் அந்தத் தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்குவதையும் பார்த்தேன். பயிர் போனால் அடுத்த போகம் இருக்கிறது. கிணறு போனால் நாங்கள் எங்கே போவது?

நேராகக் கம்பெனிக் கூடாரத்துக்குப் போய்க் கேட்டேன். இன்ஜினியர் பைலைப் பிரித்து என் வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது உங்க எழுத்துதானேம்மா? தண்ணி உங்களுக்குச் சொந்தம். உங்க தண்ணிய உங்க நிலத்துக்கு அனுப்பியிருக்கேன். இதுல என் தப்பு என்ன?"

விலை போவது என்றால் சர்க்கார் சொத்து, கொட்ட வேண்டியது என்றால் எங்கள் சொத்து. அவமானமும் ஆத்திரமுமாகத் திரும்பி வந்து கொல்லை வரப்பில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னா மே இப்டி எளுதிட்ட" என்றார். எழுதச் சொன்ன ஆள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

அவர்மேல் வந்த கோபத்தில்தான் 'சொந்தம்' என்ற வார்த்தை எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். யார் முறையோ அவர்தான் மடையைத் திறக்கலாம், அடைக்கலாம். அடுத்தவர் கை வைத்தால் அன்றைக்கே பஞ்சாயத்து கூடிவிடும்.

"எளுதினது எளுதினதாவே இருக்கட்டும்" என்றேன். "தண்ணி நம்மள்துன்னு அவரே சொல்லிட்டாரு. அப்ப மடையும் நம்மள்து. மம்மட்டிய எடுங்க."

இரண்டு பேரும் போய் அவர்கள் வெட்டிய கரையை அடைத்தோம். மண் போட்டு, கல் வைத்து, மிதித்து, ஒரு சொட்டு கீழே இறங்காதபடி அடைத்தோம். துளையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குள் குட்டை தளும்பி, கம்பெனி இடத்துக்கே திரும்பியது. லாரிச் சக்கரங்கள் புதைந்தன. இன்ஜினியர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?"

"எங்க தண்ணி சார். எங்க தண்ணிக்கு நாங்க மட கட்டிக்கினு கீறோம். யாரைக் கேக்கணும்?"

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்டுங்க. அந்த பேப்பரையும் எடுத்தாங்க. தண்ணி யாரோடதுன்னு அவங்களும் படிச்சிப் பாக்கட்டும்."

மம்மட்டியைக் கரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் அடைத்த மடையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர்தான், அசையவே இல்லை. அந்த ஒன்றுக்காக அவருடைய பழைய கேள்வியை மன்னித்தேன்.

சாயங்காலம் இன்ஜினியர் இறங்கி வந்தார். "அந்த வரியை அடிச்சிடலாம்மா" என்றார்.

"அடிச்சா பத்தாது சார். தண்ணி கம்பெனிதுன்னு எளுதுங்க. அது எங்க கீதோ, அங்கேருந்து எடுக்கறது கம்பெனி வேலைன்னும் எளுதுங்க."

'எங்கே இருந்தாலும்' என்ற இரண்டு சொல்லையும் விடாமல் எழுத வைத்து, தேதி போடவைத்து வாங்கிக்கொண்டேன். மறுநாள் கம்பெனி பம்ப் வைத்துக் குட்டையை உறிஞ்ச, டேங்கர் லாரிகள் சுமந்துகொண்டு போயின.

மழைக்கு முன்னால் துளையை சிமென்ட் போட்டு மூடிவிட்டுச் சாமான்களைக் கட்டினார்கள். கடைசி லாரியில் பம்பை ஏற்றிய பிறகு, இன்ஜினியர் வேர்த்து வழிய எங்கள் கிணற்றடிக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். இறைத்துச் சொம்பில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"உப்பு கரிக்குதேம்மா. உங்க கிணறு நல்ல தண்ணின்னு சொன்னாங்களே?"

"எங்கள்து நல்ல தண்ணிதான் சார். இது உங்கள்து."

அவர் புரியாமல் பார்த்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, அன்று அவர் வைத்தது போலவே அவர் வரியின்மேல் விரலை வைத்தேன்.

"எங்கே இருந்தாலும்னு நீங்கதான் எளுதிக் குடுத்திருக்கீங்க. பம்ப எறக்கச் சொல்லுங்க."

லாரியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் கையைக் காட்டினார். பம்பை இறக்கினார்கள்.